பச்சைக் காரின் கூரை

அந்த ஆலங்கட்டி மழை ஒரு பிற்பகலில் பெய்தது. மலேசியாவில் எண்பதுகளின் தொடக்கம் அது. ஈப்போவிலிருந்து பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் சாலையோரத்தில், ஒரு சீனருடைய கார் பட்டறையில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். முதலில் வழக்கமான மழைதான். பிறகு, தகரக் கூரையில் சரளைக்கல்லை வண்டியோடு கொட்டிக் கவிழ்த்ததுபோல் ஒரு சத்தம். ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பேசியது எதுவும் கேட்கவில்லை. வாசலில் வெள்ளைக் கட்டிகள் விழுந்து துள்ளின. எங்கள் முதலாளி, தவுக்கே என்போம், குனிந்து ஒன்றைப் பொறுக்கி, முகர்ந்து பார்த்து, வாயில் போட்டுக்கொண்டார். சத்தம் ஓய்ந்த பிறகு, "ஐஸ்லா" என்றார்.

வெயிலும் மழையும் மட்டுமே தெரிந்த ஊர் எங்களுடையது. வானத்திலிருந்து பனிக்கட்டி விழும் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததோடு சரி. சாலையில் போனவர்கள் காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்று கையில் ஏந்திப் பார்த்தார்கள். அதே நேரத்தில் சில மைல் தள்ளி ஒருவர் செத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து கார்கள் வரத் தொடங்கின. எல்லாம் ஒரே மாதிரி அடிபட்டவை. கூரையிலும் பானட்டிலும் பத்துக்காசு அளவில் ஒடுக்குகள். தவுக்கேயின் தொழில் அடித்து நிமிர்த்தி, மாவு பூசி, தேய்த்து, சாயம் அடிப்பது. எனக்குத் தெரிந்தது வேறு. எழுபதுகளின் பிற்பாதியில் சிலாங்கூரில் ஒரு கார் பொருத்தும் ஆலையில் இருந்தேன். சாயம் அடித்து முடித்த காரில் எங்காவது சின்னதாக ஒடுங்கிவிட்டால், மறுபடி சாயக் கூடத்துக்கு அனுப்பாமல், உள்பக்கமாகக் கம்பியை விட்டு நெம்பி எடுக்க எங்களில் சிலரைப் பழக்கியிருந்தார்கள். கல்யாணமானபின் சொந்த மாநிலமான பேராக்குக்கே திரும்பிவிட்டேன். நான் காம்பார்க்காரன், மனைவிக்குப் பத்து காஜா பக்கத்துத் தோட்டம். என் கம்பிகளைப் பார்த்து அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தவுக்கே, அந்த மழைக்குப் பிறகு பட்டறையின் ஒரு மூலையைத் தார்ப்பாய் கட்டி எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார்.

அந்த வேலையில் வெளிச்சம் முக்கியம். ஆலங்கட்டி விழுந்த கூரையைச் சும்மா பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. மேலே ஒரு டியூப் லைட்டைப் பிடிக்க வேண்டும். அதன் வெளிச்சம் சாயத்தின் மேல் ஒரு நேர்கோடாக விழும். ஒடுக்கு இருக்கிற இடத்தில் மட்டும் அந்தக் கோடு வளைந்து சுழித்துக்கொள்ளும். நூறு கண்கள் முழித்துப் பார்ப்பதுபோல் இருக்கும். உள்ளே கம்பியின் மழுங்கிய முனையை வைத்து, ஒடுக்கின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, அவசரப்படாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அந்தக் கண் சிறுத்து, சிறுத்து, மூடிக்கொள்ளும். கொஞ்சம் அதிகம் அழுத்திவிட்டால் வெளியே மேடு தட்டும். அப்போது மேலிருந்து ஒரு மரக்குச்சியை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். நாள் முழுவதும் மல்லாந்து படுத்து, விரலால் தகரத்தைத் தடவித் தடவி, வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக்கூட அடிப்பக்கம் தடவிப் பார்க்கிறவன் ஆகிவிட்டிருந்தேன்.

அந்தப் பச்சைக் கார் கொஞ்ச வாரங்கள் கழித்து வந்தது. நல்ல அடர்ந்த பச்சை. ஆலையில் அடித்த சாயம் அப்படியே இருந்தது. கொண்டுவந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். ஈப்போவில் மளிகைக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். காரை விட்டு இறங்கியதும் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, ஐஸ் மழையில மாட்டுனது. சாயம் அடிக்காம எடுத்துக் குடுங்க. விக்கணும்" என்றார். "சாயம் அடிச்சா, வாங்க வாரவன் என்னா ஏதுன்னு நோண்டுவான்."

கதவைத் திறந்தேன். டெட்டால் வாடை. அதற்கு அடியில் வேறு ஏதோ வாடை. சீட்டு உறைகள் எல்லாம் புதிது. ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"புது சீட்டாண்ணே?"

"பழசு கிழிஞ்சிருச்சு" என்றார். என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துச் சொன்னார்.

பானட்டையும் பின்பக்க மூடியையும் முதலில் முடித்தேன். அதில் ஒன்றும் இல்லை. மற்ற கார்களைப் போலத்தான். கூரைக்கு வந்தபோது, உள்ளே கூரையின் அடியில் இழுத்துக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் துணியை இறக்க வேண்டியிருந்தது. கண்ணாடி ரப்பரின் ஓரத்தில் அதை நெம்பி உரித்தபோது என் முகத்தில் வெள்ளையாகத் தூசி கொட்டியது. மாவுபோல் மெல்லிய தூசி. நாக்கில் பட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. காம்பாரில் சிறு வயதில் நாங்கள் ஈயக்குட்டைகளில்தான் குளிப்போம். ஈயம் தோண்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளங்கள் அவை. கரையில் நின்றால் அழகாகப் பச்சையாக இருக்கும், கால் வைத்தால் ஆழம் தெரியாது. குளித்து ஏறிக் காய்ந்ததும் உடம்பில் இந்த வெள்ளை மாவு படிந்திருக்கும். அதை வைத்தே அம்மா கண்டுபிடித்து அடிப்பார்.

ஆக, இந்தக் கார் குட்டைக்குள் இருந்திருக்கிறது. கூரைவரை தண்ணீரில்.

விளக்கை உள்ளே இழுத்துக்கொண்டு பார்த்தேன். கூரையின் உள்தகரம் முழுவதும் அந்த வெள்ளை படிந்திருந்தது. பின் சீட்டுக்கு மேலே, பின் கண்ணாடியை ஒட்டி, ஒரு முறத்தின் அகலத்துக்கு மட்டும் வெள்ளை இல்லை. சுத்தமான தகரம். அதன் விளிம்பு கோணலாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் அதுவரை வந்து நின்றிருக்கிறது. அதற்கு மேல் காற்று இருந்திருக்கிறது.

அந்தச் சுத்தமான இடத்தில் விரலை வைத்துத் தடவினேன். ஆலங்கட்டியின் ஒடுக்கு உள்ளே இருந்து தடவினால் மேடாகப் படும். இவை பள்ளமாகப் பட்டன. வெளியிலிருந்து விழுந்தவை அல்ல. உள்ளேயிருந்து வெளியே போனவை. கட்டைவிரல் நுனியளவு, உருண்டையாக, ஒன்றின் மேல் ஒன்றாக. சில ஆழமாக இருந்தன. சில லேசாக. ஓரத்தில் சில, தகரம் வளையக்கூட இல்லை. சாயப்பூச்சு மட்டும் நசுங்கி உதிர்ந்திருந்தது.

கையை எடுத்துக்கொண்டேன். பட்டறையில் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியாமல் வெளியே வந்து, கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். தவுக்கே என்னவென்று கேட்டார். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவரும் உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார்; விரலை வைத்துத் தடவியும் பார்த்தார். வெளியே வந்து அன்று முழுவதும் அந்த மூலைக்கு வரவே இல்லை. சாயங்காலம் பட்டறைச் சாமிக்கு ஊதுபத்தி கொளுத்தும்போது கூடவே மூன்றைக் கொளுத்தி, பச்சைக் காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் நட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் வீட்டிலேயே துணி தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா இன்னமும் அந்தத் தோட்டத்தில்தான் இருந்தார். முன்பு ரப்பர்த் தோட்டம்; இப்போது பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் பட்டணத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

"பச்சக் காரா?" என்று கேட்டாள். தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டாள். "அது டிரஸ்ஸர் காருங்க. அவரு அண்ணன்தான் ஈப்போவுல மளிகைக் கட வெச்சிருக்காரு."

தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கொடுத்து, ஊசி போட்டு, கட்டுக் கட்டுகிறவரை டிரஸ்ஸர் என்போம். தோட்டம் கைமாறியபோது அந்த மருத்துவமனையை மூடிவிட்டார்கள். இவர் ஈப்போவில் ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் வாரம் ஒருமுறை பழைய தோட்டத்துக்கு வந்து, தெரிந்தவர்களுக்குப் புண்ணைக் கழுவி மருந்து வைத்துவிட்டுப் போவாராம். மழை பெய்த அன்றும் வந்திருக்கிறார். திரும்பும்போது குட்டையோரச் சாலையில் கார் சறுக்கி உள்ளே போய்விட்டது. சாயங்காலம் டிராக்டர் வைத்து இழுத்தார்கள்.

"அதுல என்னா பேச்சுன்னா," என்று மனைவி குரலைத் தாழ்த்தினாள், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும். "அவரு பின் சீட்டுல கெடந்தாராம். கார ஓட்டிக்கிட்டு வந்தவரு பின் சீட்டுக்கு எப்படிப் போனாரு? அன்னிக்குக் கடைசியா ஒரு பொம்பளைக்குத்தான் கட்டுக் கட்டிவிட்டாராம். அவ புருஷன் லாரி ஓட்டுறவரு, ஊர்ல இல்ல. ரெண்டு பேரும் குட்டையோரமா கார நிறுத்திட்டுப் பின்னால உக்காந்திருந்தாங்களாம், கார் உருண்டு எறங்கிருச்சாம், இவ மட்டும் தப்பிச்சு ஓடிட்டாளாம். அவ சேல நனைஞ்சு கெடந்துச்சு, கண்ணால பாத்தேன்னு சொல்றாங்க."

"அன்னிக்கு ஊரே நனைஞ்சுதே."

"அத யாரு நெனைக்கிறா? புருஷன்காரன் வந்ததும் அவள அடிச்சு, சுங்காயில அவ அம்மா வீட்டுக்குப் பத்திவுட்டுட்டான்."

நான் கையைக் கழுவப் போனேன். சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரல் நுனியில் அந்தப் பள்ளங்கள் இருந்துகொண்டே இருந்தன. ஆழமாக ஒன்று, பக்கத்தில் ஒன்று, பிறகு லேசாக ஒன்று. மனைவி வந்து நின்று, "சொல்லிடுங்க" என்றாள். "யாருகிட்டயாவது சொல்லிடுங்க. வெச்சுக்கிட்டு இருக்காதீங்க."

மறுநாள் மளிகைக் கடைக்குப் போய், காரில் ஒன்று காட்ட வேண்டும் என்று சொன்னேன். வேலையில் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் வந்தார்.

"இது ஒங்க தம்பி காராண்ணே?"

அவர் தலையாட்டினார். நான் பின் கதவைத் திறந்துவிட்டு, விளக்கைக் காட்டி, வெள்ளை எதுவரை படிந்திருக்கிறது என்று சொன்னேன். பிறகு அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். வியர்த்துக் குளிர்ந்த கை. முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு விரல்கள் நின்றன. மறுபடி மெதுவாக நகர்ந்தன. அவர் புது சீட்டின் பிளாஸ்டிக் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தல குப்புற நின்னிருக்கு கார்" என்றேன். "முன்பக்கம் பாரம். பின்னாலதான் காத்து இருந்திருக்கும்."

அவர் முன் சீட்டைப் பார்த்தார். "டிரைவர் சீட்டு சாய்மானம் ஒடைஞ்சு பின்னால படுத்துக் கெடந்துச்சு. இழுக்கறப்ப ஒடைஞ்சிருக்கும்னு நெனச்சேன். மெக்கானிக்கு மாத்திட்டான்."

"ஏறிப் போயிருக்காருண்ணே."

"ஸ்டீரிங் பூட்டு அவன் காலடியில கெடந்துச்சு. அத என்னாத்துக்குப் பின்னால கொண்டுபோனான்னு..."

அந்தப் பூட்டு காரின் பின்பெட்டியிலேயே இருந்தது. ஸ்டீரிங்கையும் பிரேக் மிதியையும் சேர்த்துப் பூட்டும் இரும்புத் தடி; முனை உருண்டையானது. எடுத்துவந்து ஒரு பள்ளத்தில் வைத்தேன். பொருந்தியது. அவர் அதை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை விட்டுவிட்டு ஏன் கூரையை அடித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கலங்கிய தண்ணீரின் இருட்டில் எது கண்ணாடி, எது தகரம் என்று தெரிந்திருக்காது. மேலே யாராவது போனால் கேட்கட்டும் என்றுகூட இருக்கலாம். மேலேதான் ஆலங்கட்டி கொட்டிக்கொண்டிருந்ததே, அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்டிருக்கும்.

"அவனுக்குப் பிள்ள இல்ல" என்றார் அண்ணன். "நான்தான் கொள்ளி வெச்சேன். மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வெச்சேன், தம்பி. இப்படி அசிங்கப்படுத்திட்டுப் போயிட்டியேடான்னு."

கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கடைக்காரர் குரலில் சொன்னார்: "அவன் பொண்சாதிகிட்ட இது வேணாம். அடிபட்டு ஒடனே போயிட்டான்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அப்படியே இருக்கட்டும். நீங்க இத எடுத்துட்டுத் துணிய மாட்டிடுங்க."

"இன்னொன்னும் நெனச்சுக்கிட்டு இருப்பாங்கல்ல, அண்ணே."

அவர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார். நான் அந்தக் காரைத் தொடவில்லை. கூரையின் முன்பாதியில் ஒடுக்குகள் அப்படியே இருந்தன. டியூப் லைட் போட்டால் எல்லாம் முழித்துப் பார்க்கும். தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வேறு கார்களை வெளியில் வைத்து வேலை பார்த்தேன். மழை வரும் பிற்பகல்களில் தகரக் கூரையில் முதல் துளிகள் விழும்போது, தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து தட்டுவதுபோலவே எனக்குக் கேட்கும். போய்ப் பார்ப்பேன். கதவைத் திறந்தே வைத்திருந்தேன், நான்கையும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அண்ணன் டிரஸ்ஸரின் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். பட்டறை மூடியிருந்த நாள். எனக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். முப்பதைத் தாண்டியிருக்கமாட்டார். பிஸ்கட் ஆலையில் வேலை. நெற்றியில் ஒன்றும் இல்லாமல், சாதாரணப் பூப்போட்ட கைலியும் சட்டையும் போட்டிருந்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொல்லித்தான் கூட்டிவந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"எங்க இருக்குண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

காட்டினேன். தொட்டார். ஒவ்வொன்றாகத் தொட்டார், ஒன்றையும் விடாமல். சாயம் மட்டும் உதிர்ந்திருந்த அந்தக் கடைசிப் புள்ளிகளுக்கு வந்தபோது விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இங்க ரொம்ப மெதுவா தட்டியிருக்காரு."

"ஆமாம்மா."

"கதவ சாத்துங்க. கொஞ்ச நேரம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சாத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அழவில்லை. வாய் அசைந்தது, யாருடனோ பேசுவதுபோல இருந்தது. அண்ணன் வாசலுக்கும் காருக்கும் நடந்துகொண்டிருந்தார். கதவைத் திறந்துவிடலாமா என்று கைப்பிடிவரை போய்த் திரும்பினேன்.

அவரே திறந்துகொண்டு இறங்கினார். முகமெல்லாம் வியர்வை.

"நான் நம்பலன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றார். "அவரு அப்படிப்பட்டவரு இல்லன்னு ஆலையில, பக்கத்து வீட்டுல, எல்லாரு கூடவும் சண்ட போட்டேன். வீட்டுக்குப் போயி கதவச் சாத்துனா, நம்புனேன். அவரு சட்டைய எடுத்து மோந்து பாத்து, நம்புனேன்." பிறகு அண்ணனிடம் திரும்பினார். "மாமா, நாளைக்கு சுங்காய்க்குப் போறேன். அந்தப் பொண்ண கூட்டிக்கிட்டு வாரேன். நீங்க அவ புருஷன கூட்டிக்கிட்டு வாங்க."

"இப்ப எதுக்குமா அதெல்லாம்..."

"அவளும் தட்டிக்கிட்டுத்தான் இருப்பா."

அண்ணன், "சரிமா" என்றார். என்னிடம், "அதுவரைக்கும் இத எடுக்காதீங்கண்ணே" என்றார் டிரஸ்ஸரின் மனைவி.

அடுத்த வாரம் வந்தார்கள். லாரிக்காரர் அண்ணனோடு முதலில் வந்து சேர்ந்தார். கனத்த உடம்பு, கழுத்தில் துண்டு. யாரோடும் பேசாமல் சுருட்டைப் பற்றவைத்துப் பாதியில் அணைத்தார். பிறகு பஸ்ஸிலிருந்து இரண்டு பெண்களும் இறங்கி நடந்து வந்தார்கள். இளையவள் ஒல்லியாக, முக்காடு போட்டதுபோல் சேலையை இழுத்து மூடியிருந்தாள். இடது கையில் முழங்கைவரை வெந்து ஆறிய தழும்பு. புதுத்தோல் இளஞ்சிவப்பாக இன்னும் பளபளத்தது. புருஷனைப் பார்த்ததும் டிரஸ்ஸரின் மனைவி முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளை எங்கே நின்றிருக்கிறது, பள்ளங்கள் எங்கே இருக்கின்றன, சீட்டு எப்படி உடைந்தது. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். கதவெல்லாம் சாத்தியே இருந்ததாகவும், கண்ணாடியெல்லாம் ஏற்றியே இருந்ததாகவும், டிராக்டரோடு போனவர்களைக் கேட்டு வந்ததாக அண்ணன் சொன்னார். ஒருத்தி தப்பித்துப் போயிருந்தால் கதவு எப்படிச் சாத்தியிருக்கும் என்று அவர் கேட்டது, லாரிக்காரரைவிடத் தன்னையே கேட்டுக்கொண்டதுபோல இருந்தது.

லாரிக்காரர் உள்ளே குனிந்து கையை வைத்தார். அந்தப் பெரிய கைக்கு அந்த இடம் முழுவதும் அடங்கிவிட்டது. முகம் எங்களுக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. வெளியே வந்தபோது மனைவியைப் பார்த்து, "எதுக்கு வந்தாரு அன்னிக்கு?" என்று கேட்டார். குரலில் பழைய அதட்டல் இல்லை.

"கொதிக்கிற தண்ணி ஊத்திக்கிட்டு சீழ் வெச்சிருந்துச்சு" என்றாள் அவள். "நீங்க ஜொகூருக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போயிருந்தீங்க. இதத்தான் அன்னிக்கும் சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"சரி, வா. வீட்டுக்குப் போலாம்."

அவள் கொஞ்ச நேரம் தன் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க போங்க" என்றாள். "நான் அக்காகூட இருந்துட்டு வாரேன்."

எப்போது வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. தனியாகச் சாலையைக் கடந்து, பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிற்பாடு என் மனைவி தோட்டத்திலிருக்கும் தன் அக்காவிடமிருந்து கேட்டு வந்து சொன்னாள்: அந்தப் பெண் பிஸ்கட் ஆலையிலேயே வேலைக்குச் சேர்ந்து, டிரஸ்ஸர் வீட்டிலேயே தங்கிவிட்டாளாம். புருஷன் லோடு இறக்கிவிட்டு வரும்போதெல்லாம் வாசல்வரை வந்து பழம் கொடுத்துவிட்டுப் போவாராம். தோட்டத்தில் பேச்சு நின்றுவிட்டதா என்றால், நிற்கவில்லை. கொஞ்சம் மாறிப் பேசினார்கள், அவ்வளவுதான்.

அன்று கிளம்பும் முன் டிரஸ்ஸரின் மனைவி என்னிடம் வந்தார். "இனி எடுத்துடுங்கண்ணே. நல்லா எடுத்துடுங்க. வாங்குறவங்க யாரும் வெரல வெச்சுப் பாத்துடக் கூடாது."

"வெச்சுக்கலாம்னு இல்லியாமா? காரையே வெச்சுக்கலாம்னு?"

"வேணாம்" என்றார். "தெரிஞ்சுபோச்சு. அது போதும்."

திங்கட்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். மிச்சமிருந்த ஆலங்கட்டி ஒடுக்குகளை முதலில் உள்ளேயிருந்து நெம்பி எடுத்து முடித்தேன். இவற்றை அப்படிச் செய்ய முடியாது. உள்ளேயிருந்து வந்தவற்றை வெளியிலிருந்துதான் இறக்க வேண்டும். கூரையின் மேல் வெளிச்சத்தை இழுத்து வைத்து, மரக்குச்சியை ஒரு மேட்டின் மேல் நிறுத்தி, சுத்தியலால் லேசாகத் தட்டினேன். காலியான காருக்குள் அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. அவர் தட்டிய அதே இடங்களில், ஒன்று விடாமல், நான் மேலிருந்து தட்ட வேண்டியிருந்தது. அன்று அந்தக் குட்டையோரத்தில் யாராவது நின்று இப்படி ஒருமுறை திருப்பித் தட்டியிருந்தால், மேலே ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த நினைப்பு வந்ததும் சுத்தியலை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். தவுக்கே ஒரு கோப்பைக் காப்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார். குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஒவ்வொன்றையும் தட்டும்போது மனதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டேன். என்ன சொன்னேன் என்பதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

நல்ல வேலையாகத்தான் அமைந்தது. சாயம் எங்கும் வெடிக்கவில்லை. டியூப் லைட்டின் கோடு கூரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஓடியது. உள்ளே இருந்த வெள்ளையை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக் துணியை மறுபடி இழுத்துக் கட்டினேன். காரை வாங்க வந்தவரிடம் டிரஸ்ஸரின் மனைவி, இதில் ஒருவர் இறந்துபோயிருக்கிறார் என்று மறைக்காமல் சொன்னாராம். அவர் யோசித்துவிட்டு, நல்ல மனுஷனா என்று கேட்டாராம். ஆமாம் என்றதும் எடுத்துக்கொண்டாராம்.

பிறகும் பல ஆண்டுகள் அதே வேலைதான் செய்தேன். எத்தனையோ கூரைகளுக்கு அடியில் படுத்திருக்கிறேன். உள்துணியை இறக்கும்போது இன்னமும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டுதான் விரலை வைப்பேன். பள்ளமாகப் படாமல் மேடாகப் பட்டால்தான் மூச்சு வரும்.

நாங்கள் பழைய கார் ஒன்று வாங்கியது பிள்ளைகள் பிறந்த பிறகு. மழை எவ்வளவு பலமாக அடித்தாலும் பின்பக்கக் கண்ணாடியை நான் முழுவதும் ஏற்ற விடமாட்டேன். நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும். காம்பாருக்குப் போய்விட்டு வரும் வழியில், இரு பக்கமும் குட்டைகள் இருக்கும் அந்தச் சாலையில், சாரல் உள்ளே அடிக்கும்.

"அப்பா, நனையுதுலா" என்பான் மூத்தவன்.

"நனைஞ்சா காயும்" என்பாள் என் மனைவி, முன்னால் இருந்தபடியே. துண்டை எடுத்துப் பின்னால் நீட்டுவாள்.